கையெழுத்துக் குறிப்பெடுக்க எது வாங்கலாம்: விலை குறைந்த ஈ-இங்க் நோட்டா, பேனா டேப்லெட்டா?

ஒற்றைக்கோடு
தேவையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் சுமார் 3 மணி நேரம் கையால் குறிப்பெடுக்க வேண்டும். பாதி தமிழ் உரை, மீதி சமன்பாடுகளும் வரைபடங்களும். கூடவே ஏ4 அளவு பிடிஎஃப் பாடங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டே படிக்க வேண்டும், மாதம் 600 பக்கம் வரை வரும். செலவைக் குறைக்கப் பார்க்கிறேன். பார்த்துவைத்தவை மூன்று: அச்சுத்தாள் போலத் தெரியும் திரையுள்ள 10.3 இன்ச் ஈ-இங்க் நோட்டு, பேனாவோடு வரும் நடுத்தர டேப்லெட், எழுதி அழிக்கும் எல்சிடி சிலேட்டு. விவரக்குறிப்புகளைப் படித்தாயிற்று. அவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

மைத்துளி
பேனாவை முதலில் பாருங்கள், திரையை அப்புறம். கையெழுத்துக்கு என்று வாங்கும் கருவியில் பேனா எந்தத் தொழில்நுட்பம் என்பதே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சந்தையில் மூன்று வகை இருக்கின்றன.

ரப்பர் முனை ஸ்டைலஸ்: விரலுக்குப் பதிலாகத் திரையைத் தொடுகிறது, அவ்வளவுதான். முனை 5 முதல் 7 மி.மீ. தடிமன். கை திரையில் பட்டால் அதையும் கோடாக எடுத்துக்கொள்ளும். குறிப்பெடுக்க உதவாது. விளம்பரத்தில் "ஸ்டைலஸ் வேலை செய்யும்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சாம்சங் டேப் ஏ8, ஏ9 போன்றவற்றுக்கு எஸ் பென் (சாம்சங்கின் சொந்தப் பேனா) வசதியே கிடையாது. இவற்றை வாங்கிவிட்டுப் பேனா தேடினால் இந்த ரப்பர் முனைதான் கிடைக்கும்.

பேட்டரி உள்ள பேனா: ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்டின் எம்பிபி, யுஎஸ்ஐ, வேகாம் நிறுவனத்தின் ஏஇஎஸ் ஆகிய நெறிமுறைகளுக்கான பேனாக்கள் எல்லாம் இதில் சேரும். எழுத்து நன்றாக வரும், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு நெறிமுறைக்கான பேனா இன்னொன்றில் ஒரு புள்ளிகூட வைக்காது.

இஎம்ஆர் (மின்காந்த ஒத்ததிர்வு) பேனா: திரைக்குப் பின்னால் உள்ள உணர்பலகை உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கான சக்தியை எடுத்துக்கொள்கிறது. பேனாவுக்குள் பேட்டரி இல்லை, சார்ஜ் இறங்கும் பேச்சே இல்லை. ஈ-இங்க் நோட்டுகளில் ரீமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்க்ரைப், சூப்பர்நோட், பூக்ஸின் பல மாடல்கள், டேப்லெட்டுகளில் சாம்சங்கின் டேப் எஸ்6 லைட், டேப் எஸ் வரிசை எல்லாம் இந்த வகை. ஒன்றின் பேனா பெரும்பாலும் இன்னொன்றில் எழுதும். தொலைந்தால் ஸ்டெட்லர் நோரிஸ் டிஜிட்டல், லாமியின் இஎம்ஆர் பேனா என்று வேறு நிறுவனத்துப் பேனாவை வாங்கிக்கொள்ளலாம். செலவைப் பார்ப்பவருக்கு இது பெரிய சௌகரியம்.

இதிலும் சில விதிவிலக்குகள் உண்டு. வேகாமின் பெரிய இன்ட்யூவாஸ் வரைபலகைப் பேனாக்கள் வேறு அதிர்வெண்ணில் இயங்குபவை. மடிப்பு ஃபோனுக்கான எஸ் பென் ஃபோல்ட் பதிப்பும் அப்படியே. பாம்பூ இங்க் என்பது பெயரில்தான் வேகாம், அது இஎம்ஆர் அல்ல. ரீமார்க்கபிள் பேப்பர் ப்ரோ, கோபோ எலிப்சா, பூக்ஸின் சில புதிய மாடல்கள் ஆகியவை பேட்டரி உள்ள பேனாவுக்கு உரியவை. ஒரே நிறுவனம் என்பதற்காகப் பழைய பேனா புதுக் கருவியில் எழுதும் என்று நினைக்க வேண்டாம்.

ஆந்தைக்கண்
எல்சிடி சிலேட்டு பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். அது கொலஸ்டெரிக் திரவப் படிகத் தாள். அழுத்தின இடம் வெளிச்சமாத் தெரியும், அப்படியே நிக்கும். பட்டன் பேட்டரி செலவாகறது அழிக்கற நேரத்துல மட்டும்தான். அதனால வருஷக்கணக்கா ஓடும். ஆனா சேமிக்க வழியில்ல, பெரும்பாலான மாடல்ல ஒரு வார்த்தையை மட்டும் அழிக்கவும் முடியாது. கணக்குப் போட்டுப் பாத்துட்டு அழிக்க அருமையான சாமான். குறிப்பெடுக்க ஆகாது.

இதுக்கும் டேப்லெட்டுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கு: ஈரத்துணியால துடைச்சு மறுபடி எழுதற நோட்டு, ராக்கெட்புக் மாதிரி. தாள் பாலியெஸ்டர் கலந்தது, பைலட் ஃப்ரிக்‌ஷன் பேனாவுலதான் எழுதணும். எழுதினதும் 15 விநாடி காய விடுங்க, இல்லன்னா கையில அப்பிக்கும். ஃபோன் ஆப்புல ஸ்கேன் பண்ணினா பிடிஎஃப்பா போயிடும். ரெண்டு எச்சரிக்கை. எழுதினதை மாசக்கணக்கா அப்படியே விட்டா மை கறையா தங்கிடும். ஃப்ரிக்‌ஷன் மை 60 டிகிரி செல்சியஸ் சூட்டுல நிறம் போயிடும், அதனால வெயில்ல நிக்கற காருக்குள்ள நோட்டை வெச்சுட்டுப் போகாதீங்க. கையில காசு ரொம்பக் குறைவு, பிடிஎஃப் படிக்கற வேலையும் இல்லன்னா இதை எடுங்க. உங்களுக்கு மாசம் 600 பக்கம் பிடிஎஃப் இருக்கு, அதனால ஒத்துவராது.

பொறிஞன்
ஈ-இங்க் எங்கே வலுவானது, எங்கே தடுமாறும் என்பது அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே விளங்கும். நுண்குமிழிகளுக்குள் வெள்ளை நிறத் துகளும் கறுப்பு நிறத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே போகும். புலத்தை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்கும். அதனால் பக்கம் மாறும்போதும் எழுதும்போதும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. டேப்லெட் 8 முதல் 10 மணி நேரத்தில் சார்ஜ் கேட்கும்போது இது பல நாட்கள், எழுத்து குறைவாக இருந்தால் வாரக்கணக்கில்கூட, ஓடுவது இதனால்தான்.

அதே காரணம்தான் வேகத்தையும் கெடுக்கிறது. துகள் திரவத்துக்குள் நீந்திப் போக வேண்டும். 16 சாம்பல் நிலைகளோடு முழுப் பக்கத்தையும் சுத்தமாக மாற்ற சுமார் 450 மில்லிவிநாடி ஆகும். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் 260, இன்னும் தரத்தைக் குறைத்தால் 120. பேனாவால் எழுதும்போது கோடு விழும் புள்ளிகளை மட்டும் வேகமான முறையில் இயக்குவதால்தான் ரீமார்க்கபிள் 2-க்கு 21 மில்லிவிநாடி தாமதம் என்று நிறுவனத்தால் சொல்ல முடிகிறது. அதே கருவியில் ஒரு பத்தியை வளைத்துப் பிடித்து வேறிடத்துக்கு நகர்த்துங்கள், பெரிதாக்கிப் பக்கத்தை இழுத்துப் பாருங்கள். தாமதம் அப்பட்டமாகத் தெரியும். வேகமான முறையில் எழுதி அழித்த இடத்தில் பழைய கோட்டின் நிழல் தங்கும். 5 பக்கத்துக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு என்று அமைப்பில் வைத்தால் அது போய்விடும். குளிரில் திரவம் கெட்டியாகித் திரை இன்னும் மெதுவாகும்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு உள்ள ஈ-இங்க் கருவியில் அதன் சொந்த நோட்ஸ் ஆப்பில் பேனா பறக்கும். அதே கருவியில் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் ஆப்பைத் திறந்தால் எழுத்து கைக்குப் பின்னால் தள்ளாடி வரும். சொந்த ஆப் நேரடியாகத் திரைக் கட்டுப்பாட்டுச் சில்லோடு பேசுகிறது, மற்ற ஆப்கள் ஆண்ட்ராய்டைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. "எல்லா ஆப்பும் ஓடும்" என்ற காரணத்துக்காக ஈ-இங்க் வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இழுவரை
உங்கள் பட்டியலில் எல்லோரும் குறைத்து மதிப்பிடும் விஷயம் ஏ4 பிடிஎஃப். மூலைவிட்டத்தை விட்டுவிட்டு அகலத்தை அளந்து பாருங்கள். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. 10.3 இன்ச் ஈ-இங்க் திரை 4:3 விகிதம், அதாவது சுமார் 157 × 209 மி.மீ., ஏ5 தாளைவிடக் கொஞ்சம் அகலம். டேப் எஸ்6 லைட் 10.4 இன்ச் என்று சொன்னாலும் 5:3 விகிதம் என்பதால் அகலம் 136 மி.மீ.தான். 10.9 இன்ச் ஐபேட் 158 மி.மீ.

பக்க அகலத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தித் திறந்தால் ஏ4 பக்கம் ஈ-இங்க்கில் 75 சதவீதமாகச் சுருங்கும், எஸ்6 லைட்டில் 65 சதவீதம். 11 புள்ளி எழுத்து ஒன்றில் 8.2 ஆகும், மற்றதில் 7.1. தமிழ் எழுத்து 7 புள்ளியில் கண்ணை வதைக்கும்.

ஓரத்தை வெட்டினால் நிலைமை மாறும். இரு பக்கமும் 25 மி.மீ. ஓரம் விட்ட பாடம் என்றால் உரையின் அகலம் 160 மி.மீ. ஈ-இங்க்கின் 157-இல் அது கிட்டத்தட்ட அச்சளவிலேயே நிற்கும். ஆனால் நீங்கள் ஓரத்தில் எழுத வேண்டும் என்கிறீர்கள். ஓரத்தை வெட்டினால் எழுத இடம் ஏது? இதற்கு இரண்டு வழி. முதல் வழி, கணினியிலேயே பிடிஎஃப்பின் மேல், கீழ், இடது ஓரங்களை வெட்டிவிட்டு வலது ஓரத்தை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டாவது, கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி அரைப்பக்கமாகப் படிப்பது. 209 மி.மீ. அகலத்தில் ஏ4 முழு அளவில் தெரியும், பக்கத்தில் பாதிக்குச் சற்றுமேல் திரையில் இருக்கும். ஈ-இங்க்கில் இரண்டாவது வழிதான் நல்லது, ஒரு தட்டலில் அடுத்த பாதி வந்துவிடும். விரலால் பெரிதாக்கி இழுக்கும் வேலை இல்லை.

ஸ்கேன் செய்த பாடங்கள் தனித் தொல்லை. ஈ-இங்க் கருவிகளில் உள்ள சில்லு சாதாரணமானது, நிறப் படமாக ஸ்கேன் செய்த 300 பக்கக் கோப்பில் பக்கம் திரும்பவே சில விநாடிகள் எடுக்கும். கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் ஈபுக் அமைப்பைக் கொடுத்தால் படங்கள் 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) இறங்கும், கூடவே சாம்பல் நிறமாக மாற்றினால் கோப்பு பல மடங்கு இளைக்கும். இரண்டு பத்திகளாக அச்சிட்ட கட்டுரைகளுக்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். சமன்பாடு நிறைந்த பக்கங்களில் அது சில வரிகளைத் தப்பாக உடைக்கும், முதல் 10 பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழுக் கோப்பைக் கொடுங்கள்.

ஒற்றைக்கோடு
அகலக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. அப்படியென்றால் அடிப்படை ஐபேட்டும் விலை குறைந்த போலி பென்சிலும் சேர்ந்தால் சரியாக வருமா? 158 மி.மீ. அகலம் கிடைக்கிறதே.

மைத்துளி
வரும், சில குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்கினால்.

2018 முதல் வந்த ஐபேட்களுக்கான வேறு நிறுவனப் பென்சில்கள் கை படுவதைச் சரியாக ஒதுக்குகின்றன, பல மாடல்களில் பேனாவின் சாய்வை உணரும் வசதியும் உண்டு. அழுத்த உணர்வு மட்டும் இல்லை. அதாவது மெதுவாக எழுதினாலும் அழுத்தி எழுதினாலும் கோடு ஒரே தடிமன். சமன்பாட்டுக்கும் குறிப்புக்கும் அது போதும், ஓவியத்துக்குத்தான் போதாது. 2023-இல் வந்த ஆப்பிளின் சொந்த யுஎஸ்பி-சி பென்சிலிலும் அழுத்த உணர்வு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காசைக் கொடுத்தால் பொருத்தம் உறுதி, நிப் தரம் நன்றாக இருக்கும், அவ்வளவே.

பழைய ஐபேட் வாங்கினால் பென்சில் பொருத்தத்தை மாடல் எண்ணை வைத்தே பாருங்கள். அடிப்படை ஐபேட்டில் 6-ஆம் தலைமுறையிலிருந்துதான் பென்சில் எழுதும். இரண்டாம் தலைமுறைப் பென்சில் எந்த அடிப்படை ஐபேட்டிலும் வேலை செய்யாது. "பென்சிலோடு விற்பனைக்கு" என்று வரும் விளம்பரங்களில் பொருந்தாத ஜோடி இருப்பது சகஜம். முதல் தலைமுறைப் பென்சிலை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்திருந்தால் உள்ளே உள்ள சிறு லித்தியம் பேட்டரி செத்திருக்கும், அதை மாற்ற வழி இல்லை. பழையது வாங்கும்போது இணைத்து 10 நிமிடம் எழுதிப் பாருங்கள்.

அடிப்படை ஐபேட்டின் இன்னொரு குறை: கண்ணாடியும் திரையும் ஒட்டிய அமைப்பு அல்ல, நடுவில் காற்றிடைவெளி இருக்கிறது. பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையில் சிறு தூரம் தெரியும், தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். கீழ்க்குறியீடுகள் சிறிதாக எழுதும்போது இந்தத் தூரம் உறுத்தும்.

பக்கம்நூறு
இழையில் எல்லோரும் ஈ-இங்க் பக்கமே சாய்வதால் டேப்லெட்டுக்காக நான் பேசுகிறேன். ஒற்றைக்கோட்டின் தேவையில் பாதி சமன்பாடும் படமும். அந்த வேலையில் எழுதுவதற்கு ஈடாக நகர்த்துவது, பிரதி எடுப்பது, அளவு மாற்றுவது எல்லாம் நடக்கும். ஒரு வரைபடத்தை வளைத்துப் பிடித்துக் கீழே தள்ளி நடுவில் இரண்டு வரி சேர்க்க டேப்லெட்டில் 3 விநாடி. ஈ-இங்க்கில் ஒவ்வொரு படியிலும் திரை மினுங்கி நிற்கும். படத்தில் மூன்று நிறக் கோடுகள் இல்லாமல் விசைப் படமோ மின்சுற்றோ தெளிவாக வராது. கலைடோ வகை வண்ண ஈ-இங்க் இருக்கிறதே என்பீர்கள். அது கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் நிறவடிகட்டி வைத்தது. கறுப்பில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் நிறத்தில் 150தான், வடிகட்டி ஒளியை விழுங்குவதால் பின்னணியும் சாம்பலாகிவிடும். அடிக்கோட்டு நிறத்துக்குச் சரி, படத்துக்கு மங்கல்.

கரும்பலகையைப் படம் பிடித்துக் குறிப்புக்குள் ஒட்டுவது, பேச்சைப் பதிவு செய்து எந்த நொடியில் எந்த வரி எழுதினோம் என்று பின்னால் தட்டிக் கேட்பது ஆகியவை குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி, சாம்சங் நோட்ஸ் ஆகியவற்றில் உண்டு. ரீமார்க்கபிளில் ஒலிவாங்கியே கிடையாது.

டேப்லெட்டை எழுத்துக்கு ஏற்றதாக மாற்றச் செய்ய வேண்டியவை:

மேட் ஸ்க்ரீன் கார்டு ஒட்டுங்கள், ஆனால் சொரசொரப்பு அதிகமானதைத் தவிருங்கள். சொரசொரப்பு கூடக்கூட இரண்டு விஷயம் நடக்கும்: வெள்ளைப் பின்னணியில் வானவில் பொடி தூவியதுபோல் தெரியும், பென்சில் நிப் சீக்கிரம் தேயும். நிப்பின் முனை தட்டையாகி உள்ளே உலோகம் தெரியத் தொடங்கினால் அன்றே மாற்றுங்கள், இல்லாவிட்டால் கார்டில் கீறல் விழும். ஒட்டும்போது திரையைத் துடைத்த பிறகு தூசி ஒட்டும் தாளால் மூலை மூலையாக எடுங்கள். ஒரு தூசி நின்றாலும் அந்த இடத்தில் குமிழி எழும், பேனா அங்கே தாவும்.

சாம்சங்கில் நேவிகேஷன் பார் அமைப்புக்குள் எஸ் பென்னால் சைகைகளைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தின் கடைசி வரியில் எழுதும்போது ஆப் மூடிக்கொள்ளும். பக்கத்தின் பின்னணியை வெளிர் மஞ்சளாக வையுங்கள், வெளிச்சத்தை அறையின் அளவுக்கு இறக்குங்கள். எழுத்து நேரத்துக்கு மட்டும் அறிவிப்புகளை அடைக்கும் ஃபோகஸ் முறை ஒன்றைத் தனியாக உண்டாக்கி, நோட்ஸ் ஆப்பைத் திறந்தால் அது தானாக இயங்கும்படி வைக்கலாம்.

கடைசியாக, கை நழுவும் பிரச்சினை. டேப்லெட் 6, 7 மி.மீ. உயரம் என்பதால் கீழ்வரிகளில் உள்ளங்கை விளிம்பிலிருந்து இறங்கிவிடும், எழுத்து கோணலாகும். அதே தடிமனுள்ள ஒரு நோட்டைக் கீழே ஒட்டினாற்போல் வையுங்கள், தீர்ந்தது.

பொறிஞன்
மேற்கோள்: "அந்த வேலையில் நகர்த்துவது, பிரதி எடுப்பது..."
இது சரியான வாதம், மறுக்கவில்லை. ஆனால் மாதம் 600 பக்கம் படிப்பதையும் எடை போடுங்கள். ஈ-இங்க் அறை வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் திரை, வெயிலிலும் ஜன்னலோரத்திலும் அச்சுத்தாள் மாதிரி தெரியும். டேப்லெட்டில் அங்கே முகம்தான் தெரியும். அதே சமயம் ரீமார்க்கபிள் 2-இல் முன்விளக்கு இல்லை. மங்கலான அறையில் மேசை விளக்கு போட்டே ஆக வேண்டும். கிண்டில் ஸ்க்ரைப்பில் முன்விளக்கும் 300 பிபிஐ திரையும் உண்டு. முன்விளக்குத் தாள் ஒன்று நடுவில் சேர்வதால் பேனாவுக்கும் கோட்டுக்கும் தூரம் சற்றுக் கூடும், இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

எடை வித்தியாசம் கையில் பிடித்துப் படிக்கும்போது உணரக்கூடியது. ரீமார்க்கபிள் 2 சுமார் 400 கிராம், எஸ்6 லைட்டும் 10-ஆம் தலைமுறை ஐபேட்டும் உறையில்லாமலே 460 கிராமுக்கு மேல்.

சுழிஎழுத்து
தமிழில் எழுதுபவருக்கான சில நுட்பங்கள் இங்கே வரவில்லை.

தமிழ் எழுத்தில் அடைபட்ட சுழிகள் அதிகம். ண, ழு, ஞ, கூ போன்றவை தடித்த கோட்டில் எழுதினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். கோட்டுத் தடிமனை 0.4 மி.மீ. அருகில் வையுங்கள். 226 பிபிஐ திரையில் ஒரு புள்ளி 0.112 மி.மீ., 300 பிபிஐயில் 0.085 மி.மீ. ஆக 0.4 மி.மீ. கோட்டுக்கு முதலாவதில் 3 அல்லது 4 புள்ளிகள், இரண்டாவதில் 5 கிடைக்கும். எழுத்தைச் சிறியதாக எழுதும் பழக்கம் இருந்தால் 300 பிபிஐ தெளிவாகத் தெரியும் லாபம். கோட்டு இடைவெளியை 8 அல்லது 9 மி.மீ. உள்ள வார்ப்புருவாகத் தேர்ந்தெடுங்கள், மெய்ப் புள்ளியும் மேல்விலங்கும் மேல்வரியில் இடிக்காது. கருவியோடு வரும் 7 மி.மீ. வார்ப்புரு ஆங்கிலத்துக்குச் சரி.

கையெழுத்தைத் தட்டச்சு உரையாக மாற்றும் வசதியை நம்பி வாங்காதீர்கள். கருவியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் தமிழ்க் கையெழுத்து விசைப்பலகை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அது எழுத எழுத மாற்றுவது. ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தை மாற்றித் தராது. அதனால் தேடலுக்கு எளிய வழி இதுதான்: ஒவ்வொரு நோட்டின் தலைப்பையும் தட்டச்சில் கொடுங்கள், 20 பக்கத்துக்கு ஒருமுறை ஒரு குறிச்சொல் சேருங்கள். கையெழுத்தைத் தேட முடியாவிட்டாலும் தலைப்பைத் தேடலாம்.

தமிழ் இபப் (மின்னூல்) கோப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள். முடியாவிட்டால் கணினியில் திரையின் அளவுக்கே, அதாவது 157 × 209 மி.மீ. பக்கத்தில், எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்பாக மாற்றிவிடுங்கள். சரியாகத் தெரியும், ஓரம் வெட்டும் வேலையும் மிச்சம்.

ஆந்தைக்கண்
குறிப்பை வெளிய எடுக்கறது பத்தி யாருமே பேசலையே? அதுதாங்க முக்கியம். கருவி நாலு வருஷத்துல போயிடும், குறிப்பு இருக்கணும்.

வாங்கறதுக்கு முன்னாடி இதைச் சோதிங்க: 30 பக்க நோட்டை ஒரே பிடிஎஃப்பா வெளிய எடுக்க முடியுதா? அந்த பிடிஎஃப்பை 400 சதவீதம் பெரிசாக்குங்க. கோடு கூர்மையா இருந்தா வெக்டர், அதாவது கோடாவே சேமிச்சது; கட்டம் கட்டமா உடைஞ்சா படம். வெக்டர்னா நாளைக்கு அச்செடுத்தாலும் நல்லா வரும், கோப்பும் சின்னதா இருக்கும். சாம்சங் நோட்ஸோட சொந்தக் கோப்பு வகையை வேற ஆப் திறக்காது, அதனால வாரம் ஒருமுறை பிடிஎஃப்பா தனியா எடுத்து வெக்கணும். கணினியில திறந்து மேல எழுதணும்னா சோர்னல்++ இலவசமா இருக்கு.

ரீமார்க்கபிள்ல சந்தா கட்டலைன்னாலும் யுஎஸ்பி கேபிள்ல கோப்பு எடுக்கலாம். அமைப்புல யுஎஸ்பி வலை இடைமுகத்தை இயக்கிட்டு, கணினி ப்ரவுசர்ல 10.11.99.1 போட்டா கோப்புப் பட்டியல் வரும். சந்தா, உறை, பேனா, நிப் எல்லாத்தையும் கூட்டித்தான் விலையை ஒப்பிடணும். டேப்லெட்டோட விலையில பேனா சேர்ந்திருக்கான்னும் பாருங்க. எஸ்6 லைட் பெட்டியில எஸ் பென் இருக்கு, ஐபேட் பெட்டியில பென்சில் இல்ல. இந்த ஒரு கணக்குல பாதிப் பேரோட முடிவு மாறிடும்.

இழுவரை
பழையது வாங்க நினைத்தால் இரண்டுக்கும் சோதனை வேறு.

ஈ-இங்க் என்றால் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் பக்கங்களைத் திறந்து மெல்லிய கோடு எங்காவது நிற்கிறதா என்று பாருங்கள். திரையின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது, மேல் பரப்பு முழுசாக இருந்தாலும் உள்ளே அது விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் விட்டால் ஒரு மூலை எப்போதும் மாறாமல் உறைந்து நிற்கும். மாற்றச் செலவு கருவியின் விலையை நெருங்கும், அதனால் தொடாதீர்கள். புதிது வாங்கினாலும் கெட்டி உறை இல்லாமல் பைக்குள் போடக் கூடாது என்பது இதனால்தான். ஒரு புள்ளியில் விழும் அழுத்தம் போதும், உடைந்துவிடும்.

டேப்லெட் என்றால் பேட்டரிதான். 50 சதவீத வெளிச்சத்தில் 30 நிமிடம் தொடர்ந்து எழுதுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் 5 மணி நேரம்கூட வராது. பிறகு அளவுகோலை வைத்து மிக மெதுவாக மூலைவிட்டக் கோடு இழுங்கள். கோடு அலை அலையாக வந்தால் அந்தப் பேனாவும் திரையும் சேர்ந்த குறை அது, எந்த ஆப்பாலும் சரியாகாது. வேகமாக இழுத்தால் எல்லாத் திரையும் நேராகத்தான் வரையும், மெதுவாக இழுத்தால்தான் உண்மை தெரியும்.

ஒற்றைக்கோடு
முடிவுக்கு வந்துவிட்டேன். வாரத்துக்கு 21 மணி நேரம் எழுத்து, அதில் பாதி படங்களும் சமன்பாடுகளும். ஆகவே இஎம்ஆர் பேனா உள்ள டேப்லெட். பாடங்களைக் கிடைமட்டமாக வைத்து அரைப்பக்கமாகப் படிக்கிறேன். பிற்பாடு ஈ-இங்க் வாங்கினாலும் இதே பேனா அதில் எழுதும் என்பதால் இந்த வழி பிடித்தது. ஒரே ஒரு சந்தேகம்: காந்தம் வைத்த மடிப்பு உறை வாங்கினால் இஎம்ஆருக்குப் பாதிப்பு உண்டா?

மைத்துளி
உண்டு. உறையை மூடும் காந்தம் ஓரத்தில் இருப்பதால் நேராக வைத்து எழுதும்போது ஒன்றும் ஆகாது. மூடியைப் பின்னால் மடித்து எழுதும்போதுதான் காந்தம் உணர்பலகைக்கு நேர் பின்னால் வரும். அந்த இடத்தில் கோடு 2, 3 மி.மீ. தள்ளி விழும், அல்லது விழாமலே போகும். நிறையப் பேர் இதைத் திரைக் கோளாறு என்று நினைத்துக் கருவியைத் திருப்பி அனுப்புகிறார்கள். உறையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். சரியாக விழுந்தால் குற்றம் உறைதான். ஒலிபெருக்கிக் காந்தம் இருப்பதாலும் பல கருவிகளில் ஓரத்தை ஒட்டிய 3, 4 மி.மீ.-இல் துல்லியம் கொஞ்சம் குறையும், வார்ப்புருவில் ஓரக்கோட்டை 8 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

உறை வாங்கும்போது மூடி தனியாகக் கழன்று வரும் வகை, அல்லது காந்தத்துக்குப் பதில் எலாஸ்டிக் பட்டை உள்ள வகை எடுங்கள். கூடவே எஸ் பென்னுக்கு உதிரி நிப் ஒரு பொட்டலம், நிப்பைப் பிடுங்க உதவும் சிறு இடுக்கி ஒன்று. நிப்பை நேராக இழுங்கள், வளைத்தால் உள்ளே முறிந்து தங்கிவிடும். புதியதைக் கை விரலாலேயே தள்ளலாம், அடி தட்டும்வரை போனால் போதும்.